பயிற்சி பார்க்க வருகிறோம், கேட்டைச் சாத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் காற்பந்துக்கும் பூப்பந்துக்கும் போக மிச்சமிருக்கும் மூலையில்தான் ஹாக்கி வருகிறது, யார் யாரை எத்தனைக்கு எத்தனை என்று வென்றார்கள் என்ற நாலு வரி. போன வருடம் வரைக்கும் அந்த நாலு வரியையும் நான் படிக்காமல்தான் புரட்டிக்கொண்டிருந்தேன், அதனால் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பத்து மாதமாக வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஹாக்கி அணிகளின் பயிற்சியைப் போய்ப் பார்க்கிறேன். அதைப் பார்க்க வரும் ஆட்களையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். அவர்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை, இப்போது அவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவதும் தொடங்கியிருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நாங்கள் பாகான் செராய்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு மாற்றலாகி ஸ்ரீ பெட்டாலிங்குக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் காற்பந்து மட்டும்தான், அண்ணன்கள் நடுராத்திரி எழுந்து இங்கிலாந்து ஆட்டம் பார்ப்பார்கள், அம்மா திட்டிக்கொண்டே மைலோ கலக்கிக் கொடுப்பார். ஹாக்கி மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. இங்கே வந்து மகள் படிவம் ஒன்றில் சேர்ந்ததும் பள்ளி ஹாக்கிக் குழுவில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். சரி, பிள்ளை ஆசைப்படுகிறாள், என்ன விளையாட்டு என்று நாமும் தெரிந்துகொள்வோம் என்று கீழ்வீட்டு அங்கிளிடம் கேட்டேன். செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், ரயில்வேயிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஆட்டத்துக்கு அப்புறம் போகலாம்மா, முதலில் பயிற்சிக்கு வா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. கோல் கணக்கு இல்லை, எதிரணி இல்லை, கைதட்ட ஒன்றும் இல்லை, அதில் என்ன பார்ப்பது? இருந்தாலும் பெரியவர் கூப்பிடுகிறாரே என்று போனேன்.

முதல் நாள் என் கண்ணில் பட்டது தண்ணீர்தான். வெயிலில் காய்ந்து கிடந்த நீலத் தரையின் மேல், திடலைச் சுற்றி நிற்கும் குழாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தப் பக்கம் வரை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தன. எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். செயற்கைத் தரையில் ஈரம் இருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், விழுகிற பிள்ளைக்குத் தோல் உரியாது என்றார் அங்கிள். அவர் ஆடிய காலத்தில் எல்லாம் நிஜப் புல். ஒலிம்பிக்கில் முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடியது 1976-இல் மாண்ட்ரியலில்தானாம். பந்து எப்படித் துள்ளும் என்று யூகித்து ஆடியது போய், பந்து நேராக, வேகமாக வரும் என்று நம்பி ஆடும் ஆட்டமாக அது மாறிவிட்டது என்று அவர் சொன்னது எனக்கு மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

படிக்கட்டில் எங்களோடு பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர். ஒரு சீக்கிய அங்கிள், எப்போதும் கடைசிப் படியில், தனியாக. ஒரு மலாய்க்காரத் தம்பதி, அவர்களுடைய மகன் ரிசர்வ் கோல் காவலர். தொழிற்சாலை வேலை முடிந்து சீருடையோடு நேராக வரும் இரண்டு தமிழ் இளைஞர்கள். வேலிக்கு வெளியே போகும் பந்தைப் பொறுக்கிப் போடுவதற்கென்றே வரும் சின்னப் பையன்கள் நாலைந்து பேர், ஒரு பந்தைத் தொட்டுவிட்டால் அவர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. ஒருவரும் கத்தவில்லை. ஏதாவது நன்றாக நடந்தால் "ம்" என்று ஒரு சத்தம் எழும், அவ்வளவுதான். யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்த உளுந்து வடை கைமாறிக் கைமாறி வரும், சீக்கிய அங்கிள் ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவருவார், முதல் நாளே எனக்கும் ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

அவர்கள் பார்க்கும் விதம் வேறு. நான் காற்பந்து பார்த்துப் பழகியவள், என் கண் பந்தை விட்டு நகராது. முதலில் "ஆஃப்சைட் எங்கே பிடிப்பார்கள்?" என்று கேட்டேன், அங்கிள் சிரித்துவிட்டு ஹாக்கியில் அந்த விதியை 1990-களிலேயே எடுத்துவிட்டார்கள் என்றார். அதனால் முன்வரிசை ஆட்டக்காரர் எதிர் கோலுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கலாம், தடுப்பவர்கள் ஒவ்வொரு நொடியும் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். "பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாத ஆளைப் பார்" என்றார். ஆட்டத்தில் அதைச் செய்ய முடியாது, ஆவல் விடாது. பயிற்சியில் ஒரே ஓட்டத்தை இருபது தடவை திருப்பித் திருப்பிச் செய்கிறார்கள், அதனால் பதினைந்தாவது தடவை நம் கண் தானாகவே பந்தை விட்டுவிட்டு, அந்தக் கோடியில் இரண்டடி உள்ளே வந்து இரண்டடி வெளியே போய் ஒரு தடுப்பாளரை இழுத்துக்கொண்டு போகிற பையனைப் பிடித்துவிடுகிறது. அவனுக்குப் பந்து வரவே வராது. அவன் இழுத்து விட்ட இடத்தில்தான் மற்றவனுக்குப் பந்து போகிறது. அதை முதல் தடவை நானாகவே பார்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகளிடம் மேசையில் உப்புச் சாடியும் ஊறுகாய் பாட்டிலும் வைத்துக் காட்டினேன்.

அப்புறம் சத்தம். பந்து மட்டையில் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே, திரும்பிப் பார்க்காமல், "நல்லா நிறுத்திட்டான்" என்றோ "துள்ளிடுச்சு" என்றோ சொல்வார்கள். பந்தை மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் ஆட வேண்டும், முதுகுப் பக்கத்தால் தொட்டால் தவறு. இடது பக்கம் வரும் பந்துக்கு மட்டையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இடது கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. என் மகள் இடது கைக்காரி. தனக்கு இந்த விளையாட்டு சரிவராது என்று பயந்துகொண்டிருந்தவள், படிக்கட்டில் அந்தப் போலீஸ்கார அங்கிள் "மட்டையின் மேல்முனையைப் பிடிக்கிறதே இடது கைதானம்மா, திருப்புவதும் அந்தக் கைதான், பிள்ளைக்கு நல்லதுதான்" என்று சொன்ன பிறகுதான் தெளிந்தாள்.

இதில் பெனால்டி கார்னரைப் பற்றி, அதாவது தடுக்கும் அணி கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் தவறு செய்தால் மற்ற அணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பைப் பற்றி, மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ஷார்ட் கார்னர் என்கிறார்கள், பிள்ளைகள் பி.சி. என்கிறார்கள். தடுக்கும் அணியில் கோல் காவலரையும் சேர்த்து ஐந்தே பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி தாக்கும் அணியில் ஒருவர் பந்தை வெளியே தள்ளுவார், வட்டத்துக்கு வெளியே ஒருவர் நிறுத்துவார், மூன்றாமவர் இழுத்து வீசுவார், அதற்குப் பேர் டிரேக் ஃபிளிக். பந்தை அடித்தால் அந்த முதல் அடி கோலுக்குள் பலகை உயரத்துக்கு, அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, இழுத்து வீசினால் எந்த உயரத்திலும் போகலாம். அதனால்தான் எல்லா அணியும் டிரேக் ஃபிளிக் போடுகிறவரைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறது. பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும், கோலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து முகமூடி போட்ட ஒரு பையன் நேராக அந்தப் பந்தை நோக்கியே ஓடுவான். தொலைக்காட்சியில் இது எல்லாம் சேர்ந்து கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பயிற்சியில் ஒரு சாயங்காலம் முழுக்க இதுதான். தள்ளுகிறவர் தனியாக நாற்பது பந்து தள்ளுவார், நிறுத்துகிறவர் நாற்பது பந்து நிறுத்துவார், ஒரு விரற்கடை தள்ளிப்போனால் பயிற்றுநர் விசில் ஊதி மறுபடியும் என்பார். எங்கள் படிக்கட்டில் ஒருவர் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எத்தனை உள்ளே போனது, எந்த மூலை என்று கோடு போட்டுக்கொண்டே இருப்பார், அதை யாரிடமும் காட்டமாட்டார்.

அப்படி ஒரு நாள்தான் அங்கிள் 1975-ஐப் பற்றிச் சொன்னார். அந்த வருடம் மார்ச் மாதம் உலகக் கிண்ணம் நம் கோலாலம்பூரில் நடந்தது. என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் நம் அணி அரையிறுதி வரைக்கும் போனது, மெர்டேக்கா அரங்கத்தில் இந்தியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னால் நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இந்தியா வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லாம் ஷேர் கானை இறக்கியது, ஒரு பெனால்டி கார்னர், ஒரே அடி, 2-2. கூடுதல் நேரத்தில் 3-2 என்று இந்தியா வென்று, இறுதியில் பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. நமக்கு நான்காவது இடம், இன்றைக்கு வரைக்கும் ஆடவர் உலகக் கிண்ணத்தில் நம்முடைய மிக நல்ல இடம் அதுதான். அங்கிளுக்கு அப்போது பத்தொன்பது வயது, அரங்கத்தில் இருந்திருக்கிறார். "அவன் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்தே இருந்தான்மா, வந்து ஒரு தடவைதான் அடித்தான். அந்த ஒரு அடியை எங்கே கற்றுக்கொண்டான் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன், அடுத்த வாரத்திலிருந்து பயிற்சி பார்க்கப் போக ஆரம்பித்தேன்" என்றார். கிட்டத்தட்ட ஐம்பது வருடமாகப் போகிறார். ரயில்வே ஷிஃப்ட், பிள்ளைகளின் கல்யாணம், மனைவியின் நோய், எல்லாவற்றுக்கும் நடுவில்.

அந்த ரிசர்வ் கோல் காவலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிந்து எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு போன பிறகு அவர் மட்டும் காலில் அந்தக் கனமான பேட்களோடு நின்று, உதவிப் பயிற்றுநர் வீசும் பந்துகளை எடுத்துக்கொண்டிருப்பார். முதன்மைக் காவலர் நல்ல நிலையில் இருக்கும்வரை இவருக்கு ஆட்டம் கிடைப்பது அபூர்வம். ஆனால் படிக்கட்டில் மூன்று பெரியவர்கள், அவருடைய அப்பா அம்மாவைத் தவிர, அவர் முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். விளக்கு அணைவதற்கு முன்னால் அவர் மட்டையை ஒரு தடவை தூக்கிக் காட்டுவார், இவர்கள் கையைத் தூக்குவார்கள். ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். எஸ். குமாரை அவர் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்தவர்கள் அவர்கள். 300-க்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களில் நம் கோலில் நின்ற அதே குமார்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுடனான அரையிறுதி 2-2 என்று முடிந்து, ஷூட்அவுட்டில் 7-6 என்று நாம் ஜெயித்தோமே, அதில் ஒவ்வொரு தடவையும் எட்டு நொடி, ஒரு ஆட்டக்காரர், ஒரு காவலர், வேறு யாரும் இல்லை. இறுதியில் ஜப்பானுடன் 6-6 என்று நின்று ஷூட்அவுட்டில் தங்கம் கைவிட்டுப் போனது, அதைப் பேச இன்னும் யாருக்கும் மனம் வருவதில்லை. "எட்டு நொடியில் தனியாக நிற்கப் போகிறவன், இப்போதும் தனியாக நிற்கிறான், நாம் கொஞ்ச நேரம் கூட இருந்தால் என்ன" என்றார் போலீஸ்கார அங்கிள். இதைக் கேட்ட பிறகு நானும் கடைசி வரைக்கும்தான் உட்காருகிறேன், வீட்டில் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் ஆகிறது.

டொரோண்டோவில் இருக்கும் என் சித்தி மகளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் ஆடுவது, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு, துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்களாம். மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு எட்டோபிகோவில் பயிற்சி அரங்கம் இருக்கிறது, மக்கள் போய்ப் பார்க்கும் பயிற்சி நாட்கள் உண்டு, கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள், ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க வசதி இல்லாத குடும்பங்கள் பயிற்சிக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போகின்றன என்றாள். ஆட்டக்காரர்கள் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் அந்த நாட்டிலேயே அப்படி ஒரு வழி இருக்கிறது என்றால் நம் ஊரில் ஏன் அது சுருங்க வேண்டும்?

இனி நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் திடல், எந்த அணி என்று சொல்லப்போவதில்லை, யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. சில வாரங்களுக்கு முன் வழக்கம்போல் ஐந்து மணிக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. காவலாளி, அவரும் நம் ஆள்தான், தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் பயிற்சிக்கு வெளியாட்களை விடக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள் என்றார். அங்கிள் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி வழியாகப் பத்து நிமிடம் பார்த்தார், அப்புறம் மழை தூறியதும் போகலாம்மா என்றார். அந்த மனிதர் அப்படி வேலியில் கை வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் இல்லாமல் செய்யவில்லை, அதையும் நான் மறைக்கக் கூடாது. யாரோ பெனால்டி கார்னர் பயிற்சியைக் கைப்பேசியில் எடுத்து டிக்டாக்கில் போட்டிருக்கிறார்கள். அது பெரிய தப்பு. யார் தள்ளுகிறார், யார் நிறுத்துகிறார், பந்தை ஏமாற்றி இடது பக்கம் தட்டி விடுகிறார்களா, நேராக வீசுகிறார்களா என்பதுதான் அந்த அணியின் கைச்சரக்கு, போட்டிக்கு முந்தைய வாரம் அது வெளியே போனால் மாதக்கணக்கான உழைப்பு போச்சு. ஆரம்பத்தில் நானும் மகளுக்குக் காட்டலாம் என்று கைப்பேசியைத் தூக்கினேன், உடனே நோட்டுப் புத்தகக்காரர் என் கையை மெதுவாக இறக்கிவிட்டு, "கண்ணால் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லும்மா" என்றார். அங்கே வருகிறவர்கள் கட்டிக் காக்கும் ஒழுங்கு அது, எந்தப் பலகையிலும் எழுதியில்லை. ஆட்டக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பயிற்றுநர் பேசும்போது நாம் பேசக் கூடாது, தப்புச் செய்த பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, இடி இடித்துத் திடலைக் காலி செய்யச் சொன்னால் நாமும் உடனே கூரைக்குள் போய்விட வேண்டும். இப்படிப்பட்ட ஆட்களை வெளியே நிறுத்துவதால் படம் எடுப்பவர் நின்றுவிடப் போவதில்லை, அவர் வேலிக்கு வெளியிலிருந்தும் எடுப்பார், அன்றைக்கு அவர் கையை இறக்கிவிட உள்ளே ஆள்தான் இருக்காது.

அதனால் அணி நிர்வாகங்களை நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பி.சி. பயிற்சி இருக்கும் நாட்களில் மூடிக்கொள்ளுங்கள், போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்கவே மூடுங்கள், யாரும் வருத்தப்படமாட்டோம். மற்ற நாட்களில் திறந்து விடுங்கள், எந்தெந்த நாள் என்று கேட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்தாலும் சரி. நம் ஆடவர் அணி கடைசியாக ஒலிம்பிக்குக்குப் போனது 2000-இல் சிட்னிக்கு. இன்றைக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும் பிள்ளைக்கு அது அப்பா அம்மா காலத்துச் செய்தி. லீக் ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன என்று எல்லோரும் வருத்தப்படுகிறார்கள், ஆனால் அந்த இருக்கைக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று பார்த்தால், என்னைப் போல் ஒன்றும் தெரியாமல் ஒரு சாயங்காலம் உள்ளே வந்து உட்கார்ந்தவர்களிடமிருந்துதான். நான் இப்போது லீக் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போகிறேன், என் வீட்டுக்காரரும் வருகிறார், கூடவே மகளின் சிநேகிதிகள் மூன்று பேரைக் கூட்டிப்போகிறேன். எல்லாம் அந்தப் படிக்கட்டில் தொடங்கியது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹாக்கிச் செய்திக்குக் கீழே, எந்தத் திடலில் எந்த நாள் பயிற்சியைப் பார்க்கலாம் என்று, அணிகளைக் கேட்டு, ஒரு வரி போடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரட்டும், பந்து பொறுக்கிப் போட இடமிருக்கிறது. நம் பிள்ளைகள் ஹாக்கி ஆடிய காலம் ஒன்று இருந்தது, இப்போதும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எத்தனை தமிழ் வீடுகளில் ஒரு மட்டை சுவரில் சாய்ந்து நிற்கிறது?

நாங்கள் வேறு ஒரு திடலைக் கண்டுபிடித்திருக்கிறோம், செவ்வாய், வியாழன் ஐந்து மணிக்கு. அங்கே இன்னும் யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே விடுகிறார்கள். சீக்கிய அங்கிளுக்கு அது கொஞ்சம் தூரம், எல்.ஆர்.டி. மாறி வர வேண்டும், முழங்கால் வலி வேறு, அதனால் போன வாரம் அவர் வரவில்லை. அந்த ரிசர்வ் காவலர் இப்போது யாருமில்லாத படிக்கட்டைப் பார்த்து மட்டையைத் தூக்குகிறாரா என்று தெரியவில்லை. அவருடைய அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாக நோட்டுப் புத்தகக்காரர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீ பெட்டாலிங், கோலாலம்பூர்.